வெடித்த முடி நுனி ஒட்டாது: வெட்டுவோம், மிச்சத்தைக் காப்போம்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், அழகுக்கலைப் பயிற்சி பெற்று அழகு நிலையம் நடத்தி வரும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி என்று பேசுகிற இடத்தில் தலைமுடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. என் கடைக்கு வருகிற பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சுக்கா, எந்த எண்ணெய் போட்டா ஒட்டும்?" என்பதுதான். கேட்பதற்கு முன்பே இரண்டு, மூன்று பாட்டில் வாங்கித் தீர்த்திருப்பார்கள். சிலர் வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம் தவணைக்கு வாங்கியிருப்பார்கள். மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருசத்துக்கு 1,800 ரூபாய். நம்மில் பலருக்கு அது ஒரு வருசச் சேமிப்பு, இல்லீங்களா?

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடித்த நுனியைத் திரும்ப ஒட்ட வைக்கும் எண்ணெய் கிடையாது. ஷாம்பும் கிடையாது, மூலிகையும் கிடையாது. வெடித்ததை வெட்டத்தான் வேண்டும். வெடிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஏன் ஒட்டாது?

கையில் அரிவாள் பட்டால் காயம் ஆறுகிறது. அங்கே ரத்தம் ஓடுகிறது, உயிர் இருக்கிறது. முடிக்கு உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேரில் மட்டும்தான். வெளியே வந்த முடி, நகம் மாதிரி. ரத்தமும் கிடையாது, வலியும் கிடையாது. அதனால் அது தானாக ஆறாது.

ஒரு முடியைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெளியே ஓட்டு வீட்டுக் கூரை போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்ளே கயிற்றுப் புரி போல நீள நீளமான நார்கள் இருக்கும். மேலே ஓடு சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் நாருக்கு ஆபத்தில்லை. ஓடு தேய்ந்து உதிர்ந்துவிட்டால், கயிற்று நுனி பிரிவது போல நார் பிரிந்துவிடும். அதைத்தான் நுனி வெடிப்பு என்கிறோம். கயிற்று நுனியைச் சும்மா விட்டால் என்ன ஆகும்? புரி மேலே மேலே பிரியும். முடியும் அப்படித்தான்.

நுனி மட்டும் ஏன் வெடிக்கிறது? அதுதான் முடியில் வயதான பகுதி. முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். வருசத்துக்கு அரை அடி. இரண்டரை அடிச் சடை என்றால் அதன் நுனிக்கு 5 வயது. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது முளைத்த முடிதான், அவள் ஆறாம் வகுப்புப் போகும்போது இடுப்பில் தொங்குகிறது. ஐந்து கோடை வெயில், எத்தனையோ நூறு குளியல், ஆயிரக்கணக்கான சீப்பு இழுப்பு எல்லாவற்றையும் தாங்கிய நுனி அது.

எதனால் வெடிக்கிறது, எப்படித் தடுக்கலாம்?

ஒன்று, ஈரத்தலையில் சீப்புப் போடுவது. நனைந்த முடி ஊறிப் பலவீனமாக இருக்கும். அவசரத்தில் பேன்சீப்பை வைத்து உச்சியிலிருந்து இழுத்தால் பட்பட்டென்று ஒடியும். முக்கால்வாசி காய்ந்த பிறகு, முதலில் விரலால் சிக்கெடுங்கள். பிறகு பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள்.

இரண்டு, துண்டால் அடித்து உலர்த்துவது. தலையைக் குனிந்து முடியை முன்னால் போட்டுத் துண்டை முறுக்கிச் சடசடவென்று அடிக்கிறோமே, அந்த அடி முழுவதும் வாங்குவது நுனிதான். பழைய பருத்திப் புடவைத் துணி அல்லது வேட்டித் துணியில் சுற்றி ஒற்றி எடுத்தாலே போதும். சாம்பிராணி போடுகிறவர்கள் தணலுக்கு அருகில் முடியைக் கொண்டு போகாதீர்கள். வாசம் வந்தால் போதும், சூடு வேண்டாம்.

மூன்று, துணி சோப்பால் தலைக்குக் குளிப்பது. கிணற்றடியில் துணி துவைத்துவிட்டு அதே சோப்பைத் தலையிலும் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துணி சோப்பின் காரம் முடியின் செதில்களைத் தூக்கிவிடும். சீயக்காய், அரப்பு அல்லது காரமில்லாத ஷாம்பு நல்லது. சீயக்காய் என்றால் நைசாக அரைத்துச் சலித்தது வேண்டும். கரடுமுரடான தூள் முடியை உரசித் தேய்க்கும். வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கலந்து நம் பாட்டிமார் தேய்த்தார்கள் இல்லையா, அது நல்ல முறை. கஞ்சி வழவழப்பைத் தரும். செம்பருத்தி இலைச் சாறும், ஊற வைத்து அரைத்த வெந்தயமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஷாம்பு போடுகிறவர்கள் நுரையை உச்சந்தலையில் தேய்த்தால் போதும். நீண்ட முடியைத் துணி கசக்குவது போலக் கசக்க வேண்டாம்.

நான்கு, உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் முடி சொரசொரவென்று ஆகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி ஒரு குடத்தை அதில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால், ஒரு வாளித் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கடைசியாக அலசலாம். எலுமிச்சையை நேராகத் தலையில் தேய்க்க வேண்டாம்.

ஐந்து, ரப்பர் பேண்ட். ரூபாய் நோட்டுக் கட்டும் ரப்பரைச் சடையில் போட்டால், அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் நான்கு முடி அதோடு வரும். ரிப்பனோ, துணி சுற்றிய பேண்டோ போடுங்கள். இரவில் தலையை விரித்துப் போட்டுத் தூங்காமல் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

ஆறு, வெயிலும் சுமையும். களை எடுக்க, நாற்று நடப் போகிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள் தலையில் துணி கட்டாமல் போகக் கூடாது. விறகோ, தண்ணீர்க் குடமோ சுமக்கும்போது சும்மாடு மென்மையான துணியில் இருக்கட்டும். கொண்டையை அவிழ்த்துச் சடையாகப் பின்னி முன்னால் போட்டுக்கொண்டால் சுமை முடியை நசுக்காது.

ஏழு, சாயமும் நேராக்குவதும். கல்யாணத்துக்காக முடியை நேராக்கச் சொல்லி வரும் பெண்களுக்கு நானே இதைச் சொல்கிறேன்: சூடும் மருந்தும் பட்ட முடி சீக்கிரம் வெடிக்கும். தெரிந்து செய்துகொள்ளுங்கள். சாயம் போடுகிறவர்கள் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் தொடவே வேண்டாம். கறுப்புச் சாயம் வயிற்றுக்குள் போனால் உயிரையே எடுத்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெடித்த நுனியை வெட்டுவது எப்படி?

இதற்கு அழகு நிலையம் தேவையில்லை. குழுத் தோழிகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து முடியை நான்காகப் பிரியுங்கள். ஒரு விரல் தடிமன் முடியை எடுத்துக் கயிறு போல முறுக்குங்கள். வெடித்த நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெடிப்புக்குக் கால் அங்குலம் மேலே வைத்து அவற்றை மட்டும் வெட்டுங்கள். பிறகு முறுக்கை அவிழ்த்து அடி நுனியில் அரை அங்குலம் சமமாக வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி முடியை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நுனி மறுபடி வெடிக்கும். பல்லால் கடிப்பது, வெடித்த முடியை இரண்டாகக் கிழிப்பது இரண்டும் கூடவே கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்யலாம். மூன்று மாதத்தில் ஒன்றரை அங்குலம் வளருகிறது, அரை அங்குலம் வெட்டுகிறோம். கணக்குப் பாருங்கள், ஓர் அங்குலம் லாபம்தான். "வெட்டினா சடை போயிடும்" என்று வெட்டாமலே இருப்பவர்களுக்குத்தான், மேலே வளர்வதும் கீழே ஒடிவதும் சமமாகி, வருசக்கணக்கில் சடை அதே நீளத்தில் நிற்கிறது.

அப்படியென்றால் எண்ணெய் எதற்கு?

எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் காவல்காரன், வைத்தியன் இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கும். குளிக்கும்போது முடி அதிகமாக ஊறாமலும், அதிலுள்ள புரதம் கரைந்து போகாமலும் காக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் பாட்டில்களில் அதிகம் கலக்கும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தான். ஆகவே நம் வீட்டுச் செக்கு எண்ணெயே போதும். தலைக்குக் குளிப்பதற்கு முந்தின இரவோ, ஒரு மணி நேரம் முன்போ, நுனி வரைக்கும் தடவுங்கள். நாம் உச்சியில் ஒரு கை வைத்துவிட்டு நுனியை மறந்துவிடுகிறோம்.

கண்டிஷனர் போட்டால் வெடிப்பு ஒட்டியது போலத் தெரியும். அது மேல்பூச்சு. வழவழப்பு இருப்பதால் சிக்கு குறையும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் வெடிப்பு உள்ளேயே இருக்கும்.

உதிர்ந்த முடியை உற்றுப் பாருங்கள்

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். சவுரி முடிக்காரருக்குப் போடுவதற்காக, சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவரிடுக்கில் சொருகி வைப்போம். இனி சொருகுவதற்கு முன் நான்கைந்து முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிதாக வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தால், அது வேரோடு வந்த முடி. இரண்டு முனையிலும் குமிழ் இல்லை, முடியும் குட்டையாக இருக்கிறது என்றால், அது நடுவில் ஒடிந்தது.

ஒடிந்த முடி அதிகம் என்றால் இதுவரை சொன்ன பழக்கங்களைச் சரிசெய்யுங்கள். வேரோடு வருவது ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால் குறை முடியில் இல்லை, உடம்பில் இருக்கலாம். கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு, மூன்று மாதம் கழித்தும், பிரசவமான சில மாதங்களிலும் முடி கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். தைராய்டுக் கோளாறிலும் கொட்டும். நம் பெண்களிடம் அதிகம் இருப்பது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று இருந்தால் எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் இலவசம், இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளு, பயறு வகைகள், முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

எண்ணெய் தயாரிக்கும் குழுக்களுக்கு

நம் குழுக்களில் மூலிகை எண்ணெய், சீயக்காய்த் தூள் தயாரிக்கும் எண்ணம் பலருக்கு இருக்கிறது. நல்ல தொழில்தான். ஆனால் "வெடித்த முடி ஒட்டும்", "வழுக்கையில் முடி வளரும்" என்று சீட்டில் போடாதீர்கள். நம்மிடம் வாங்குவதும் நம்மைப் போலக் கூலி வேலை செய்யும் பெண்தான். தலைமுடி எண்ணெய், ஷாம்பு போன்றவற்றைத் தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்று விற்பதற்குத் தனி உரிமம். விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

*நுனியை வெட்டினால் முடி வேகமாக வளருமா?*
வளராது. வளர்வது வேரில். நுனியை வெட்டுவது வேருக்குத் தெரியவே தெரியாது. ஒடிவது குறைவதால் வளர்ந்தது நிற்கும், அவ்வளவுதான்.

*வெள்ளிக்கிழமையிலும், மாசமாக இருக்கும்போதும் முடி வெட்டக் கூடாது என்று மாமியார் சொல்கிறார்களே?*
உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வீட்டில் வருத்தம் வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமையை விட்டு வேறு நாளில் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வருசக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

*முடியில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி இருக்கிறது. ஈர் என்று எடுத்தால் முடி ஒடிகிறது, ஏன்?*
ஈர் முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால் வரும். புள்ளி இருக்கும் இடத்தில் முடியே ஒடிந்தால் அது ஈர் இல்லை, நடு முடியில் நார் பிரிந்திருக்கிறது. பேன் மருந்து வேண்டாம். சீப்பையும் சோப்பையும் மாற்றுங்கள்.

*பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு இறுக்கி இரட்டைச் சடை போடலாமா?*
போடலாம், இறுக்கக் கூடாது. நெற்றி ஓரத்தில் தோல் இழுபட்டால் அங்கே முடி மெல்லிசாகிவிடும். ஈரத்தோடு பின்னி அனுப்பாதீர்கள். முந்தின நாள் மாலையே தலைக்குக் குளிக்க வையுங்கள்.

தோழிகளே, கூர்மையான ஒரு கத்தரியும், பல் அகலமான ஒரு சீப்பும் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வையுங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பாட்டிலுக்குக் கொடுக்கும் காசைச் சேமிப்பில் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவிலும் எல்லா உறுப்பினர்களும் ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எண்ணிக்கையை மட்டும் எழுதி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.