கையெழுத்து அத்தாவுடையது, கை யாருடையது?

(திருவண்ணாமலையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2017 பிப்ரவரியில் தமிழக அரசு தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடத்தியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை போடச் சொன்னார்கள். ஆனால் வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. எவரோ கிளப்பிய புரளியை ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. அத்தாமார்கள் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் "உனக்கு வேண்டுமா?" என்று எவராவது கேட்டார்களா?

12 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமே அல்ல என்றது பழைய தண்டனைச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. 12க்கு மேல்? மருத்துவமனைகள் 18 வரை பெற்றோர் கையெழுத்தையே கேட்கின்றன. இங்கிலாந்திலோ 16 வயதானவர் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று 1969லேயே சட்டம் வந்தது. அதற்குக் கீழுள்ளவரும் விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்று 1985ல் கில்லிக் வழக்கில் தீர்ப்பாயிற்று.

வெள்ளைக்காரன் சட்டம் நமக்கெதற்கு என்பீர்கள். சரி, மார்க்கத்துக்கே வருவோம். பருவமடைந்துவிட்டால் தொழுகை கடமை, நோன்பு கடமை. அவன் கணக்கை அவனே ஒப்படைக்க வேண்டும். 14 வயதில் உஹதுப் போருக்கு வந்த இப்னு உமர் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பிய நபி (ஸல்) அவர்கள், 15 வயதில் அகழ்ப் போருக்கு அனுமதித்தார்கள். நீங்களோ, 15 வயது மகனிடம் கல்லாவை விட்டுவிட்டுச் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போகிறீர்கள்! கல்லாவுக்குத் தகுந்தவன் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தகாதவனா?

பெண்பிள்ளை விஷயம் இன்னும் கனமானது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா தாக்கினால் பிறக்கும் சிசுவுக்குக் காது கேளாமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இதயம் பழுதாகலாம். மறுப்பவர் அத்தா, சுமப்பவள் மகள்.

சந்தேகம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு என்று 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்டபோது, பல விடுதிகளில் காப்பாளரே கையெழுத்துப் போட்டார். 2010ல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013ல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. அங்கே பெற்றோரையும் கேட்கவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை! ஆனால் ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசியை மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்ளும் நாம், பிள்ளைக்கு வரும்போது மட்டும் ஏன் வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம்?

14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதே புற்றுநோய்த் தடுப்பூசியைப் போடுவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. படிவம் வீட்டுக்கு வந்தால் பேனாவை எடுக்குமுன் மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவள் வேண்டும் என்று சொல்லி உங்களுக்கு மனம் ஒப்பவில்லையா? இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள். 16 தாண்டிய பிள்ளை தானே சம்மதிக்க நம் நாட்டிலும் சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, ஜமாஅத் இளைஞர்கள் பள்ளிவாசல் தோறும் ஒரு டாக்டரை அழைத்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்க விடுங்கள்.