பகடை விழுமுன்



பகடை என்ற சொல்லைக் கேட்டவுடன் சகுனியின் முகமே மனக்கண்முன் வந்து நிற்கும் நம்மிடையே, ஒரு நினைவுச் சொற்பொழிவுக்கு அதனையே பொருளாக எடுத்துக்கொண்டு வந்தவனைச் சற்றுச் சந்தேகத்தோடு நோக்குவது உங்கள் உரிமை. ஆயினும் நான் பேச வந்தது, கைப்பொருளைப் பணயம் வைத்து இழக்கும் ஆட்டத்தைப் பற்றி அன்று. நாலைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்ள, அவர்களுள் ஒருவர் மட்டும் சூத்திரதாரராக இருந்து ஊரையும் காட்டையும் பகைவரையும் தம் வாய்மொழியாலேயே படைத்துக் காட்ட, முடிவு இன்னதென்று ஒருவருக்கும் தெரியாத ஒரு கதையைக் கூடியிருந்து வளர்த்துச் செல்லும் விளையாட்டைப் பற்றி. அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இக்குலத்துக்கு மூத்தது.

அந்த மூத்த விளையாட்டு போர்விளையாட்டின் வயிற்றில் பிறந்தது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் வகுத்தளித்த முறைப்படி பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகள் நிலப்படத்தின்மேல் சேனைகளை நகர்த்திப் பயின்றபோது, மோதலில் யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பகடையைக் கேட்டே அறிந்தார்கள்; பகடைக்கு அங்கே நீதிபதியின் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை அது நெடுங்காலம் விடவில்லை. ஒரு திருடி, நள்ளிரவில், வணிகன் ஒருவனுடைய மதிலில் ஏற முயல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருபது முகப் பகடையில் 15-ம் அதற்கு மேலும் விழுந்தால் ஏறிவிடுவாள் என்பது விதியானால், ஆறு முகங்கள் அவளுக்கு அனுகூலம், பதினான்கு பிரதிகூலம். ஒவ்வொரு முகத்துக்கும் நூற்றுக்கு ஐந்து என்ற சமபங்கு. விழுந்த எண் 9. ஏறவில்லை. அப்புறம்? அப்புறம் என்ன என்பதற்குப் பகடையிடம் பதில் இல்லை. பூட்டிய கதவொன்றின் முன் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இப்படிக் கழித்த அனுபவம் எனக்கு உண்டு.

இந்த இக்கட்டுக்குப் பரிகாரம் தேடியவர்களுள் தலையாயவராக நான் கருதுவது, 2010-இல் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்னும் நூலை வெளியிட்ட வின்சென்ட் பேக்கரை. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, பாத்திரத்தின் குணத்துக்குரிய எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10-ம் அதற்கு மேலும் ஆனால் எண்ணியது எண்ணியபடி ஈடேறும். 6-ம் அதற்குக் கீழும் ஆனால் சூத்திரதாரர் கை ஓங்கும். 7 முதல் 9 வரை விழுந்தாலோ, காரியம் ஆகும், ஆனால் ஒரு விலை கொடுத்தே ஆகும். திருடி மதிலேறிவிட்டாள், ஓடு ஒன்று சரிந்து விழ, கீழே நாய் குரைக்கிறது. இதில் கணக்கறிந்தவர்கள் ரசிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பகடைகள் விழக்கூடிய முப்பத்தாறு வகைகளில், கூட்டும் எண் 0 ஆனால் நடுநிலைக்கு உரியவை 15. 1 ஆனால் 16. 2 ஆனால் மறுபடியும் 15. தோல்விக்கு உரியவை அதற்குள் 15-லிருந்து 10 ஆகி 6 ஆகத் தேய்ந்துவிடுகின்றன. அதாவது, 0-லிருந்து 2 வரை திருடி தன் தொழிலில் தேரத் தேர அவளுடைய தோல்விதான் குறையுமேயன்றி, விலை கொடுத்து வெல்லும் சந்தர்ப்பம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சூத்திரதாரர் பகடையைத் தொடுவதேயில்லை என்பதும் அவ்விளையாட்டின் லட்சணங்களுள் ஒன்று.

வேறொரு திசையில் சென்றவர் ஜே லிட்டில். வார்ஹாமர் விளையாட்டின் மூன்றாம் பதிப்புக்காக 2009-இல் அவர் அமைக்க, 2013-இல் ஸ்டார் வார்ஸ் விளையாட்டில் செப்பமுற்று, 2017-இல் ‘ஜெனிசிஸ்’ என்ற பொதுமுறையாக வெளிவந்த அந்தப் பகடைகளில் எண்களே இல்லை, சின்னங்களே உண்டு. நம் திண்ணையில் ஆடும் தாயத்தில் தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது. அங்கே ஒன்று என்பது எண்ணன்று, அனுமதி. அதுபோல இங்கே ஒவ்வொரு முகமும் ஓர் அர்த்தம். வெற்றிச் சின்னத்தைத் தோல்விச் சின்னமும், அனுகூலத்தைப் பிரதிகூலமும் ஒன்றுக்கொன்று கழித்துவிட, எஞ்சி நிற்பவையே பலன். பேக்கருடையது ஒரே ஏணி. மேலே போகப் போக நன்மை, கீழே வரவர இன்னல். லிட்டிலோ காரியசித்தியை ஓர் அச்சிலும், அதன் சுற்றுவட்டத்து நன்மை தீமைகளை மற்றோர் அச்சிலும் வைத்தார். ஆகையால் அந்த ஏணி எளிதில் தராத ஒரு விளைவு இங்கே சர்வ சாதாரணமாகக் கிட்டுகிறது: தோல்வி, ஆனால் அனுகூலத்தோடு. திருடியால் மதிலேற முடியவில்லை. சறுக்கி விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் தோட்டக்காரனுடைய வாசற்கதவு தாழிடாமல் கிடக்கிறது!

இந்தச் சுவாரஸ்யத்தில் நானும் மயங்கியிருந்தேன். ஆனால் ஓர் இரவில் முப்பது முறை உருட்டும்போது, முப்பது முறையும் எஞ்சிய சின்னங்களுக்கு யாரேனும் அர்த்தம் கற்பித்தாக வேண்டும். இருபதாவது முறைக்குமேல் எவருக்கும் கற்பனை ஓடுவதில்லை, ‘உனக்குக் கொஞ்சம் களைப்பு’ என்று ஒப்புக்குச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பகடை கேள்வியைப் பிரமாதமாகக் கேட்கிறது; பதில் சொல்லும் சுமை முழுவதும் உருட்டிய பிறகே வந்து சேருகிறது. 

எனக்கு உவப்பானது, ஜான் ஹார்ப்பர் 2017-இல் நூலாக்கிய ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’. பேக்கரிடம் தாம் பட்ட கடனை மறைக்காத அவர், பகடையில் புதுமை எதையும் செய்துவிடவில்லை. சில ஆறுமுகப் பகடைகளை உருட்டி உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது. 6 ஆனால் முழுவெற்றி, 4-ம் 5-ம் ஆனால் விலையோடு கூடிய வெற்றி, அதற்குக் கீழே விபரீதம். ஒரு பகடைக்கு ஆறில் மூன்று பங்காக இருக்கும் விபரீதம் இரண்டு பகடைக்கு நான்கில் ஒன்றாகவும் மூன்றுக்கு எட்டில் ஒன்றாகவும் சுருங்கும். புதுமை எங்கே எனில், கையிலிருந்து பகடை நழுவுமுன் நடக்கும் பேச்சில்! எவ்வழியில் முயல்வது என்று ஆடுபவர் சொல்ல, நிலைமை கைக்கு அடங்கியதா, ஆபத்தானதா, உயிர்ப்போராட்டமா என்பதையும், கைகூடினால் எவ்வளவு பலன் என்பதையும் சூத்திரதாரர் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். வேண்டாமென்றால் வேறு வழி தேடலாம். அஸ்தினாபுரத்துச் சபையிலும் தருமன் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் பணயத்தை வாய்விட்டுச் சொன்னான்தான். அவனுக்கு மாற்று வழி சொல்வாரும் அருகில் இருந்தனர், கேட்பார்தாம் இல்லை. இங்கே கேட்பதற்கென்றே விதி இருக்கிறது. ‘சாத்தானின் பேரம்’ என்ற பெயரில் மேசையில் இருக்கும் எவரும் குறுக்கிட்டு, கூடுதல் பகடை ஒன்றுக்கு ஈடாக ஒரு தொல்லையைக் கூறலாம். அத்தொல்லை, உருட்டல் எப்படி முடிந்தாலும் நிச்சயம்.

சென்ற மாதம் நான் பார்த்த ஓர் ஆட்டத்தில், மதிலடியில் ஒற்றைப் பகடையோடு தயங்கி நின்ற திருடியிடம் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: ‘இன்னொரு பகடை எடுத்துக்கொள்; உன் அம்மா பின்னிய கையுறை மட்டும் மதில்மேலேயே சிக்கிக்கொள்ளட்டும்.’ பகடைகள் இன்னும் மேசைமீது அப்படியே கிடக்க, எல்லோரும் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.