வல்வெட்டித்துறைக்கு இரண்டு வழிகள்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என மூன்று துறைகள் வரிசையாக அமைந்துள்ளன. வல்வெட்டி சற்று உள்ளே இருக்கும் ஊர். அதன் துறையே வல்வெட்டித்துறை. கடல்வழியால் பெயர் பெற்ற ஊர் இது.

முதலில் தரைவழியைப் பார்ப்போம். வலிகாமத்தையும் வடமராட்சியையும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி பிரிக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் வல்லைப் பாலத்தைக் கடக்கவேண்டும். அல்லது அச்சுவேலி வழியாக வந்து தொண்டைமானாற்றைக் கடக்கவேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர்ப் பயணம். கொழும்பையும் காங்கேசன்துறையையும் 1905இல் இணைத்த புகையிரதப் பாதை வடமராட்சிக்குள் நுழையவே இல்லை. கொழும்போ 400 கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருக்கின்றது. தரைவழிக் கணக்கில் இவ்வூர் பாதை முடியும் இடம்.

இனிக் கடல்வழிக்கு வருவோம். எதிரே கோடிக்கரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான். பெரிய கப்பல்கள் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் இங்கில்லை. கரையோரம் முருகைக்கற் பாறைகள். இருந்தும் இங்கே பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. தமிழகத்து ஓடும் பர்மாவின் அரிசியும் தேக்கும் அவற்றில் வந்திறங்கின. சோளகமும் வாடையுமே தண்டையல்மாரின் நேரசூசி. இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். இவ்வூர்க் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். அன்று இவ்வூர் பல வழிகள் கூடும் சந்தி.

1948க்குப் பின் இரு நாடுகளும் தத்தம் எல்லைகளை இறுக்கின. அடுத்த வீடு அந்நிய நாடாயிற்று. பாட்டன் வணிகம் என்று செய்ததைப் பேரன் செய்தபோது, சட்டம் அதற்குக் கள்ளக்கடத்தல் என்று பெயரிட்டது. பின்னர் போர் வந்தது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 சனவரியிலேயே அது மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் அத்துறைக்கு வந்தது. பழைய வழி அரைக்கதவு திறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கொரு கவலை உண்டு. நெய்தல் திணையை மாணவர் மனனஞ் செய்கின்றனர்; வாடை எத்திசைக் காற்று என்று கேட்டால் விழிக்கின்றனர். 'துறை' என்றால் பாடப்பிரிவு என்பார்கள். இறங்குமிடம் என்ற பொருள் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. வழி அடைபட்டால் அதில் நடமாடிய சொற்களும் மெல்ல மெல்ல மறைந்துவிடும். கப்பல் திரும்பி வரலாம். சொற்கள் தாமாகத் திரும்பி வரமாட்டா.

பாய்க்கப்பற் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் கரையோர வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். காற்றின் பெயர், கயிற்றின் பெயர், பாயின் பெயர் ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அடுத்த தலைமுறைக்கு அதுவே கடல்வழியின் வரைபடமாகும்.