லிண்டன் ஜான்சனின் பொதுவாழ்வு



அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த லிண்டன் ஜான்சனைப் பற்றிப் பேச எழுந்தால், வியட்நாம் என்ற ஒரு சொல்லே முன்வந்து நிற்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1963 இறுதியில் அங்கே ஏறத்தாழ 16,000 அமெரிக்கப் படையினர் இருந்தனர். 1968இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. ஆணையிட்டவர் அவரே.

ஆயினும், 1928இல் டெக்சாசின் கொட்டுலா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வழிவந்த ஏழைச் சிறார்க்கு ஆசிரியராயிருந்தவரும் அவரே. பசியோடு பள்ளிக்கு வந்த அக்குழந்தைகளை, 1965 மார்ச் 15 அன்று அமெரிக்கக் காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் நினைவுகூர்ந்து, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். ஆகஸ்டு 6ஆம் நாள் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். மிசிசிப்பி மாநிலத்தில், அதற்குமுன் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏழு பேர்தாம்; 1967க்குள் ஏறத்தாழ அறுபதின்மர் ஆயினர். ஒரு சட்டம் இரண்டே ஆண்டில் இவ்வளவு செய்ததை நான் வேறெங்கும் அதிகம் படித்ததில்லை.

இதே மனிதர், 1937இல் அவை புகுந்தது முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள், குடிமை உரிமை மசோதாக்களை எதிர்த்தே வாக்களித்து வந்தார். மனம் மாறினாரா, காலம் மாற்றியதா? தென்மாநிலங்களில் தம் கட்சிக்கு இழப்பு நேரும் என்றறிந்தே ஒப்பமிட்டார். ஆதலின் நான் அதைத் துணிவென்றே கொள்கிறேன்.

1968 மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் போட்டியிடேன் என்றார். புதிதாக வாக்குரிமை பெற்ற ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் அப்போது வியட்நாமுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.