கெட்டிமேளம் கொட்டும் முன்னே

கல்யாணத்தில் போட்டோகிராபரிடம் "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நாம் பந்தியைக் கவனிக்கப் போய்விடுகிறோம். யார் அத்தை, யார் தாய்மாமன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கெட்டிமேளம் கொட்டியதும் மேடையில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அட்சதை பறக்கும், படத்தில் யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகுதான் விழும். பல வீடுகளில் தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவார். அது பெண்ணின் பிடரிப் பக்கம் நடப்பது. அங்கே இன்னொரு கேமரா வேண்டும். அம்மி மிதித்து மெட்டி போடுவதைத் தரையோடு குனிந்துதான் எடுக்க முடியும்.

உறவுகளை அடையாளம் காட்ட விவரமான பையன் ஒருவனைக் கேமராக்காரர் பக்கத்தில் நிறுத்துங்கள். பந்திக்கு ஓடாத பையனாகப் பாருங்கள்! தாத்தா பாட்டி படத்தை மட்டும் கடைசிக்கு விடாமல், அவர்கள் தெம்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.