கடைசியாக உண்பவர்

(ஆலயப் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப நல நாள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற செவிலி ஒருவர் ஆற்றிய உரை)

 

“ஆரோக்கிய உணவு” என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதுமே, “இந்த அம்மாள் ஆப்பிள் தின்னச் சொல்லுவாள், பாதாம் பருப்புத் தின்னச் சொல்லுவாள், நம் கூலிக்கு அதெல்லாம் கட்டுமா?” என்று உங்களில் சிலர் எண்ணியிருப்பீர்கள். அஞ்ச வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காத எதையும் நான் சொல்லப் போவதில்லை.

நல்ல உணவு எது என்ற ஆராய்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்று. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை என்று பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக உள்ள சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை மெலிந்து நோயுற்றன. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அதன் தலைவராக இருந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன். ஏழைக் குழந்தைக்கு வேண்டியது விலையுயர்ந்த புரதப் பொடி அன்று. வீட்டில் உண்ணும் சாதாரண உணவே வயிறு நிறையக் கிடைத்தால் பெரும் குறை தீரும் என்று வாதாடியவர் அவர்.

ஆகவே, சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சோறு மட்டுமே உணவாகிவிடக் கூடாது என்கிறேன். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேலானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நூறு கிராம் கேப்பையில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் ஏறக்குறைய 120தான். கொல்லையில் நிற்கும் முருங்கைக்கு விலையே இல்லை. சாளை மீனும் நிலக்கடலையும் பாசிப்பயறும் எந்தச் சத்துபானப் போத்தலுக்கும் தாழ்ந்தவை அல்ல.

இதையெல்லாம் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சொல்லி வந்தேன். கர்ப்பிணிப் பெண்களின் கண் இமையை விலக்கிப் பார்ப்பேன். வெளுத்திருந்தால், “கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு” என்பேன். ஒரு நாள் ஒரு பெண் என்னைத் திருப்பிக் கேட்டாள்: “நர்சம்மா, கீரை தினமும் நான்தான் ஆக்குறேன். முட்டையும் வாங்கத்தான் செய்றோம். நான் சாப்பிட உட்காரும்போது சட்டியில என்ன இருக்குன்னு நீங்க கேக்கலையே?”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலை வீடு திரும்பியதும் என் தாயாரின் தட்டைப் பார்த்தேன். ஆறிய சோறு, குழம்பின் அடி, ஒரு துண்டு ஊறுகாய். மீனின் நடுத்துண்டைத் தின்று வளர்ந்த நான், ஊருக்கெல்லாம் உணவைப் பற்றிப் போதித்த நான், ஒரு நாளும் அந்தத் தட்டைப் பார்த்ததில்லை!

தாய்மார்களே, இது ஒரு வீட்டுக் கதை அன்று. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேருக்கு. மாதவிலக்கில் இரத்தம் இழப்பதால் பெண்ணுக்கு இரும்புச் சத்து கூடுதலாக வேண்டும். நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் என்றால் பெண்ணுக்கு 29 என்று 2020இல் வகுத்திருக்கிறார்கள். அதிகம் தேவைப்படுகிறவள் கடைசியில் உண்கிறாள், எஞ்சியதை உண்கிறாள். இதைத் தியாகம் என்று புகழ்ந்து பேசுகிறோம். வெளுத்த இமையைப் பார்த்துப் பழகிய எனக்கு அப்படிப் புகழ மனம் வரவில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் சத்துணவு வந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. ஆனால் வீட்டு அடுப்படியில் யார் தட்டில் என்ன விழுகிறது என்று எந்த அரசும் வந்து பார்க்க முடியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

செலவில்லாத மூன்று பழக்கங்களைச் சொல்லுகிறேன். ஒன்று, இரவு ஒரு வேளையாவது வீட்டார் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணுங்கள். இரண்டு, பரிமாறத் தொடங்கும் முன்பே சமைத்தவருக்குரிய கீரையையும் குழம்பையும் மீனையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மூன்று, உண்டவுடன் தேநீர் குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழியட்டும். மாறாக எலுமிச்சையோ நெல்லிக்காயோ உணவோடு சேர்ந்தால், அச்சத்து நன்றாக உடலில் சேரும்.

ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. “அவள் அப்புறம் சாப்பிடுவாள்” என்று சொல்லி இலையை மடிக்காதீர்கள். “உனக்கு இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு உண்ணுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டு வளரட்டும்.

நாளை நம் ஆலய வளாகத்தில் அசன விருந்து. செல்வரும் கூலிக்காரரும், ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் அமர்வோம். ஒரே அண்டாவிலிருந்து ஒரே சோறும் ஒரே குழம்பும் எல்லா இலையிலும் விழும். ஆண்டுக்கு ஒரு நாள் கோயில் முற்றத்தில் நம்மால் முடிகிற இது, அன்றாடம் நம் வீட்டு அடுப்படியில் முடியாதா? முடியும் என்று நம்பி விடைபெறுகிறேன்.