லினக்ஸ் சண்டையும் ஒரு சாட்சியும்



விண்டோஸா, லினக்ஸா என்று ஹாஸ்டலில் விடிய விடிய நீங்கள் போடுகிற சண்டைக்கெல்லாம் தாத்தா ஒரு சண்டை உண்டு. 1992 ஜனவரியில் நடந்தது.

பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர், ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம். லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று அவர் போட்டு உடைத்தார். கெர்னல் சின்னதாக இருக்க வேண்டும், மற்ற வேலைகளைத் தனித்தனி புரோகிராம்கள் பார்க்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் திணிப்பது பின்னோக்கிப் போவது என்பது அவர் கட்சி. 386 சிப்பையே நம்பி எழுதியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. என் மாணவனாக இருந்தால் இதற்கு நல்ல மார்க் கிடைக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். (வாத்தியார் புத்தி எந்த ஊரிலும் ஒண்ணுதான்!)

எதிரே 22 வயது ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். சூடாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பேசிய தோரணைக்கு மன்னிப்பும் கேட்டார். கருத்தை மட்டும் விடவில்லை. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அந்த லினக்ஸ் கெர்னல்தான்.

2004-இல் ஒரு பிரச்சினை. லினக்ஸை அந்தப் பையன் தானாக எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்து எடுத்திருப்பான் என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு கிளப்பியது. ஆதாரம் கேட்டு டானன்பாமிடமே ஆள் போனது. சின்னக் கெர்னல்தான் சரி என்ற பிடிவாதம் அப்போதும் அவரிடம் குறையவில்லை. ஆனாலும் லினக்ஸை எழுதியது லினஸ்தான், என்னிடமிருந்து திருடவில்லை என்று ஊரறிய எழுதினார்.